மங்கல் படத்தின் சரித்திரம்

பிலிம் றோல் போட்டுப் படம் எடுத்த காலத்தில், 36 படம் கழுவினால் நாலைந்து மங்கலாய்த்தான் வரும். "கை ஆடிப்போச்சு", "போக்கஸ் இல்லை" என்று ஸ்ரூடியோக்காரர் சொல்லுவார். சில வேளை அதைப் பிரிண்ட் போடாமலே விட்டுவிடுவார். காசு மிச்சம் என்று நாங்களும் பேசாமல் வந்துவிடுவோம். ஆனால் அந்த மங்கலையே தேடிப்போனவர்களும் இருக்கிறார்கள். ஆளும் பொருளும் அடையாளம் தெரியாமல், வெறும் வெளிச்சத்தையும் நிறத்தையும் மட்டும் படமாக்கி, அதுவும் படந்தான் என்று வாதாடி வென்றவர்கள். அவர்களின் கதை எங்கட மலைநாட்டையும் தொடுகிறது, நாங்கள் வாழ வந்த இந்த ஜேர்மனியையும் தொடுகிறது. அதனால்தான் இந்த மலரில் இதை எழுத ஆசைப்பட்டேன்.

முதலில் மங்கல் எப்படி வருகிறது என்று பார்ப்போம். பள்ளிக்கூடத்தில் வில்லை பற்றிப் படித்தது ஞாபகம் இருக்கும். ஒரு புள்ளியிலிருந்து புறப்பட்ட கதிர்கள் வில்லையைக் கடந்து மறுபடி ஒரு புள்ளியில் கூடும். பிலிம் சரியாக அந்த இடத்தில் இருந்தால் புள்ளி புள்ளியாகவே பதியும். பிலிம் முன்னுக்கோ பின்னுக்கோ இருந்தால் புள்ளி பதியாது, ஒரு வட்டம் பதியும். தூரம் பிசகப் பிசக வட்டம் பெருக்கும். வில்லையின் துவாரம் பெரிதாக இருந்தாலும் வட்டம் பெருக்கும். துவாரத்தைத் தகடுகள் ஒடுக்கிப் பல்கோணமாய், அதாவது ஐந்து மூலை ஆறு மூலையாய் ஆக்கினால், மங்கலும் அதே மூலைகளோடு விழும். ஆகவே மங்கல் என்றால் கமரா பிழை விட்டது என்று அர்த்தமில்லை. வெளிச்சம் தன் வழியில் போய்க்கொண்டிருக்கிறது, நாங்கள் அதை வேறு இடத்தில் மறித்திருக்கிறோம், அவ்வளவுதான். கமரா அசைந்து வரும் மங்கல் வேறு வகை. அங்கே புள்ளி கோடாக இழுபடும்.

உயர்தரத்தில் வரலாறு படித்தவர்கள் கோல்புறூக் - கமரன் சீர்திருத்தத்தை மறந்திருக்க மாட்டார்கள். 1833இல் இராசகாரிய முறையை ஒழித்து, இலங்கை முழுவதையும் ஒரே நிர்வாகத்தின் கீழ் கொண்டுவந்து ஐந்து மாகாணமாய்ப் பிரித்த சங்கதி. சோதனைக்காகப் பாடமாக்கியது! அந்தக் கமரன், சார்ள்ஸ் ஹே கமரன் என்ற சட்டம் படித்த வெள்ளைக்காரர். அவருடைய மனைவிதான் ஜூலியா மாகிறெற் கமரன். எங்கட பாடப்புத்தகம் அவவைப் பற்றி ஒரு வரியும் சொல்லவில்லை. மங்கல் படத்தின் சரித்திரம் அவவிடமிருந்துதான் தொடங்கவேண்டும்.

1815இல் கல்கத்தாவில் பிறந்தவ. 1863 டிசம்பரில், 48 வயதில், மகளும் மருமகனும் ஒரு கமராவைப் பரிசாகக் கொடுத்தார்கள். அப்போது இங்கிலாந்தின் வைற் தீவில் இருந்தா. கோழிக்கூட்டை ஸ்ரூடியோவாக்கி, நிலக்கரி போடும் அறையை இருட்டறையாக்கி வேலையைத் தொடங்கினா. அந்தக் காலத்துக் கண்ணாடித் தட்டில் ஒரு முகம் பதிய எத்தனையோ விநாடி அசையாமல் இருக்கவேண்டும். யார்தான் இருப்பார்கள்? முகங்கள் மெல்ல ஆடின, ஓரங்கள் கரைந்தன. மற்றப் படப்பிடிப்பாளர்கள் வில்லையைத் திருகித் திருகி மயிரிழை தெரியும்வரை கூராக்குவார்கள். இவவோ தன் கண்ணுக்கு வடிவாய்த் தெரிகிற இடத்தில் நிறுத்திவிடுவா. பத்திரிகைகள் 'தொழில் தெரியாதவ' என்று எழுதின. 1864 கடைசியில் தன் நண்பரான விஞ்ஞானி ஜோன் ஹேர்ஷலுக்கு எழுதிய கடிதத்தில், போக்கஸ் என்றால் என்ன, எது சரியான போக்கஸ் என்று தீர்மானிக்க யாருக்கு உரிமை என்று அவ கேட்டா. எனக்குத் தெரிய, அவவுக்குப் பின்னால் வந்த எல்லோரும் அந்த ஒரு கேள்வியைத்தான் திருப்பித் திருப்பிக் கேட்டிருக்கிறார்கள்.

கமரன் குடும்பத்துக்கு இலங்கையில் கோப்பித் தோட்டங்கள் இருந்தன. 1875இல் புருசனும் மனைவியும் இலங்கைக்கே வந்துவிட்டார்கள். வரும்போது சவப்பெட்டிகளையும் கூடவே கொண்டு வந்தார்களாம். 1869இல் தெரியவந்த இலை நோய் கோப்பியை அழித்துக்கொண்டிருந்த நேரம் அது. களுத்துறையில் இருந்தபோது ஊர்ச்சனத்தையும் வேலையாட்களையும் படம் பிடித்தா. அந்தப் படங்களில் இன்று மிஞ்சியிருப்பவை முப்பதுக்கும் குறைவு. 1879 ஜனவரியில் டிக்கோயாப் பக்கம் காலமானா. பொகவந்தலாவைத் தேவாலயத்தில் கல்லறை இருக்கிறது.

ஒரு விசயம் சொல்லாமல் விட மனம் வரவில்லை. இங்கிலாந்தில் அவ எடுத்த டெனிசன், டார்வின், ஏன் வீட்டு வேலைக்காரி மேரி ஹில்லியர்கூடப் பெயரோடு இருக்கிறார்கள். களுத்துறையில் எடுத்தவர்களின் பெயர் பெரும்பாலும் இல்லை. 'களுத்துறைக் குடியானவர்கள்' என்ற மாதிரித் தலைப்புத்தான். போக்கஸ் யாருடைய உரிமை என்று கேட்டவவுக்கு இவர்களின் பெயரைக் கேட்க நேரம் வரவில்லைப் போலும். முகம் மங்குவதை விட இந்த மங்கல்தான் என்னை உறுத்துகிறது.

கமரன் மங்கலாக்கினாலும் முகத்தை விட்டுப்போகவில்லை. பொருளே தெரியாத படத்துக்கு இன்னும் நாற்பது வருசம் பொறுக்கவேண்டி இருந்தது. இடையில் ஜோர்ஜ் டேவிசன் என்பவர் 1890இல் வில்லையே இல்லாமல், ஊசித்துவாரத்தால் ஒரு வெங்காயத் தோட்டத்தை எடுத்துச் சண்டையைக் கிளப்பினார். பிறகு 1917இல் லண்டனில் அல்வின் லாங்டன் கோபேண், மூன்று கண்ணாடிகளை முக்கோணமாய்க் கட்டி வில்லைக்கு முன்னால் வைத்து, பளிங்குத் துண்டுகளையும் மரத்துண்டுகளையும் எடுத்தார். எது மரம் எது பளிங்கு என்று கண்டுபிடிக்கவே ஏலாது. அதில் 18 படங்களைக் காட்சிக்கு வைத்தார். வேண்டுமென்றே எடுத்த முதல் அரூபப் புகைப்படங்கள் என்று பலரும் சொல்வது இவற்றைத்தான். மங்கலுக்குப் பதில் அவர் கண்ணாடியால் செய்தார். ஆனால் 'படத்தில் ஒரு பொருள் தெரியத்தான் வேண்டும்' என்ற சட்டம் அன்றைக்கு உடைந்தது.

இனி ஜேர்மனி. 1937இல் ஹிட்லரின் ஆட்சி மியூனிக்கில் நவீன ஓவியங்களை 'சீரழிந்த கலை' என்று பேர் போட்டு, சனம் சிரிக்கவேண்டும் என்றே காட்சிக்கு வைத்தது. அந்த ஆட்சிக்குப் படம் என்றால் அணிவகுப்பும் கொடியும் திடகாத்திரமான உடம்பும். எல்லாம் கூர்மையாய், எல்லாம் தெளிவாய். யுத்தம் முடிந்து இடிபாட்டுக்குள் இருந்து வந்த இளம் படப்பிடிப்பாளர்கள் சிலர் 1949இல் 'போட்டோபோர்ம்' என்று ஒரு குழு சேர்ந்தார்கள். அடுத்த வருசம் கேர்ள்ன் நகரக் கண்காட்சியில் அவர்களின் படங்களைப் பார்த்த ஒரு விமர்சகர், ஜேர்மன் புகைப்படக் குப்பைமேட்டில் விழுந்த அணுகுண்டு என்ற கருத்தில் எழுதினார். குழுவில் முக்கியமானவர் ஒட்டோ ஸ்ரைனேற். படித்த தொழில் வைத்தியம். 1951இல் சார்புறூக்கனில் 'அகவயப் புகைப்படம்' என்ற பெரிய கண்காட்சியை நடத்தியவர். 1950இல் அவர் பாரிசில் எடுத்த ஒரு படம் இருக்கிறது. மேலேயிருந்து பார்த்த தெரு, ஒரு மரம், கடந்து போகும் ஒருவர். ஆள் முழுக்கக் கரைந்துவிட்டார். நிலத்தில் ஊன்றிய ஒரு பாதம் மட்டும் தெளிவாய் நிற்கிறது. யுத்தத்துக்குப் பின்னால் அதைப் பார்த்த சனத்துக்கு என்ன தோன்றியிருக்கும் என்று நான் யோசிப்பதுண்டு.

அதே குழுவில் பீற்றர் கீற்மன். யுத்தத்தில் ஒரு காலை இழந்தவர். இருட்டில் ஒரு விளக்கை ஊசல் மாதிரி ஆடவிட்டு, கமராவைத் திறந்தே வைப்பார். வெளிச்சம் தானே கோலம் போடும். எங்கட வாசல் கோலத்தைப் பார்த்தவர்களுக்கு அது அந்நியமாய் இருக்காது. இவரே 1953இல் வொல்ப்ஸ்பேர்க் போய் வொக்ஸ்வாகன் தொழிற்சாலையில் ஒரு கிழமை நின்று படம் எடுத்தார். அடுக்கிவைத்த கார்த் தகடுகள் காரின் பாகம் என்றே தெரியாது, அலை அலையாய் இருக்கும். நானும் தொழிற்சாலையில் வேலை செய்கிறவன். இரவு வேலை முடிகிற நேரம் கண் சோர்ந்து பார்த்தால் இயந்திரங்கள் அப்படித்தான் தெரியும்.

பிறகு கதை வேகமாய் ஓடுகிறது. வியன்னாவில் பிறந்த ஏர்ன்ஸ்ற் ஹாஸ், ஐம்பதுகளில் காளைச் சண்டையை மெதுவான கதவு வேகத்தில் கலரில் எடுத்து, மாடும் மனிதனும் நிறமாய் ஓடவிட்டார். 1968இல் ஜப்பானில் 'புறொவோக்' சஞ்சிகைக்காரர் ஆட்டமும் புள்ளியும் மங்கலுமாய் எடுத்தார்கள். மங்கலுக்கு ஜப்பானியர் சொல்லும் 'பொக்கே' என்ற சொல்தான் இப்போது உலகமெல்லாம் ஓடித்திரிகிறது.

கடைசியாய் ஒருவர். ஊற்றா பார்த், 1958இல் பேர்லினில் பிறந்து அமெரிக்கா போனவ. தொண்ணூறுகளில் 'கிறவுண்ட்' என்று ஒரு தொடர் செய்தா. ஒரு ஆள் நிற்கவேண்டிய இடத்துக்குப் போக்கஸை வைப்பா. அங்கே ஆள் இல்லை. பின்னால் இருக்கும் சுவர், யன்னல், மரம் எல்லாம் மங்கலாய் வரும். அந்த மங்கல்தான் படம். பார்க்கிறவர் 'யாரோ இருந்திருக்கவேண்டுமே' என்று தேடுவார். எங்கட அல்பங்களில் யார் யார் நிற்கவேண்டிய இடம் வெறுமையாய் இருக்கிறது என்று நான் சொல்லத் தேவையில்லை.

எங்களை எடுத்த படங்களிலேயே மிகத் தெளிவானவை அலுவலகங்களுக்குக் கொடுத்த படங்கள்தான். நேரே பார், சிரிக்காதே, நிழல் விழக்கூடாது. அவை கோப்புக்குள் கிடக்கும், அல்பத்தில் ஒட்டமாட்டோம். மங்கல் படம் எந்தக் கோப்புக்கும் உதவாது. அதுவே அதற்கு ஒரு சுதந்திரம் என்பது என் அபிப்பிராயம்.

செய்து பார்க்க விரும்பினால் பழைய கமராவே போதும். தானியங்கிப் போக்கஸை நிறுத்தி, வளையத்தை மிகக் கிட்டிய தூரத்துக்குத் திருகி, துவாரத்தை முழுக்கத் திறந்து, மழை பெய்த இரவில் யன்னலால் தெருவைப் பாருங்கள். கைத்தொலைபேசியில் ஆள்படத்துக்கென்று இருக்கும் முறை வேண்டாம். அது முகத்தைக் கூராக்கிவிட்டுப் பின்னால் இருப்பதைக் கணக்குப் போட்டு மங்கலாக்குகிறது. விரலைக் கமராவுக்குக் கிட்டப் பிடித்து, திரையில் விரலை அழுத்திப் போக்கஸைப் பூட்டிவிட்டு, பிறகு விரலை எடுங்கள். பிள்ளைகளோடு செய்வதென்றால், பெரிய வில்லைக்கு முன்னால் கறுப்பு மட்டையில் ஒரு நட்சத்திரம் வெட்டிப் பிடியுங்கள். தெருவிளக்கு எல்லாம் நட்சத்திரமாய் விழும். நட்சத்திரத்துக்குப் பதில் 'அ' வெட்டினால் தெரு முழுக்க 'அ' வரும். தலைகீழாய் வந்தால் மட்டையைத் திருப்பிப் பிடிக்கவும்.