பொன்முகலிக் கரையின் படக்கதை

சித்திரக்கதை என்பது அச்சியந்திரத்தோடு கப்பலேறி வந்த மேனாட்டுச் சரக்கு என்று எண்ணுகிறவர்கள், முன்னர்ச் சித்தூர் ஜில்லாவிலும் 2022 முதல் திருப்பதி ஜில்லாவிலும் அடங்கிய காளஹஸ்திக்குச் சென்று, பழைய முறைக் கலங்காரித் துணியொன்றை விரித்துப் பார்ப்பார்களாயின், தங்கள் அபிப்பிராயத்தை மாற்றிக்கொள்ள நேரும். நடுவே பெரியதொரு சித்திரம். அதைச் சூழ வரிசை வரிசையாகக் கட்டங்கள். கட்டங்களை ஒட்டிய பட்டைகளில் கதை சொல்லும் தெலுங்கு எழுத்துக்கள். கோயில்களில் தொங்கிய அத்துணிகளில் எழுத்தறியாதவனும் இராமாயணத்தைக் கண்ணாலேயே படித்துவிடலாம்.

கடுக்காய்ச் சாறும் எருமைப்பாலும் கலந்து தோய்த்து உலர்த்திய துணியில், புளிய விளாறைச் சுட்ட கரியால் உருவைக் குறித்துக்கொண்டு, பிறகு கம்பளி சுற்றிய மூங்கில் எழுதுகோலால் கறுப்புக் கோட்டை இழுப்பார்கள். இரும்புத் துண்டுகளும் வெல்லமும் நீரில் பல நாள் ஊறிப் புளித்த அந்த மை, துணியில் பட்டதும் கடுக்காயின் துவர்ப்போடு கூடிக் கறுத்துவிடுமாதலால், தவறிய கோட்டை அழிக்க வழியில்லை. படிகாரம் தீட்டிய இடங்கள் வேர்ச்சாயத்தில் கொதிக்கும்போது சிவக்கும்; இடையிடையே பொன்முகலி ஆற்றின் ஓடும் நீரில் துணியை அலச வேண்டும்.

நலிந்துபோன இத்தொழிலுக்கு 1950களின் பிற்பகுதியில், கமலாதேவி சட்டோபாத்தியாயரின் முயற்சியால், அவ்வூரிலேயே பயிற்சி நிலையம் ஏற்பட்டது. அவ்வழியில் வந்த ஜொன்னலகட்டா குரப்ப செட்டிக்கு 2008இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

ஆயினும் அந்தப் பழைய கட்டங்களுள் தேவர்களும் அரசர்களும் வீற்றிருந்தார்களேயன்றி, எழுதியவனுடைய சுகதுக்கங்களுக்கு அங்கே இடமிருந்ததில்லை. தன் கதையைத் தானே வரைவதும், சித்திரத்தைக் கொண்டு சமூகத்தோடு வழக்காடுவதும் பிற்காலத்துத் துணிவு. ஈரானில் பிறந்த மார்ஜான் சத்ரபி தம் பால்யத்தை ‘பெர்செபோலிஸ்’ என்ற நூலாக 2000 முதல் வரைந்து வெளியிட்டார். நம் நாட்டிலோ, பர்தான் கோண்டு மரபினரான துர்காபாய் வியாம், சுபாஷ் வியாம் தம்பதியர், அம்பேத்கரின் சுயசரிதக் குறிப்புகளைத் தழுவிய ‘பீமாயணா’வை 2011இல் சித்திரித்தார்கள். பாத்திரங்களைக் கட்டத்துக்குள் அடைத்தால் மூச்சு முட்டும் என்று கட்டங்களையே அவர்கள் விலக்கினார்கள். இனிய பேச்சைப் பறவையின் வடிவிலும், கொடிய பேச்சைத் தேளின் கொடுக்கோடும் எழுதினார்கள். பள்ளிக்கூடத்தில் தன் கையால் தண்ணீர் எடுக்கவும் அனுமதியில்லாத ஒரு சிறுவனின் தாகம் அந்நூலில் தீட்டப்பெற்றது.

காளஹஸ்திக்குத் தண்ணீரைப் பற்றிய இந்த வழக்கு அந்நியமன்று. பொன்முகலி நீரை வாயில் முகந்து வந்து சிவலிங்கத்தின்மேல் உமிழ்ந்த வேடன் கண்ணப்பனின் பூசையைக் கண்டு, ஆசாரம் வழுவாத அர்ச்சகர் சிவகோசரியார் பதைத்தார். இறைவனோ அதைத் திருமஞ்சனமாகவே ஏற்றான். வேடனின் வாய்நீரைப் புராணமாகக் கொண்டாடிய தேசத்தில், ஒரு சிறுவனுக்குக் குடிநீர் மறுக்கப்பட்ட கதையை எழுதிவைப்பதற்கும், அந்த இரும்பு மையைப் போல அழியாத கோடொன்று வேண்டியிருந்தது.