தேனியிலிருந்து கம்பம் வரை நீளும் ஒரு சேலை

எண்பதாம் நம்பர் நூலில் நெய்த ஒரு பருத்திச் சேலையை இழை இழையாகப் பிரித்து, முனையோடு முனை முடிந்துகொண்டே போனால் ஏறக்குறைய 40 கிலோமீட்டர் வரும். தேனி பஸ் ஸ்டாண்டில் ஒரு நுனியைக் கட்டினால் மறுநுனி சின்னமனூர், உத்தமபாளையம் தாண்டிக் கம்பத்தில் போய் நிற்கும். கணக்கு ஒன்றும் கஷ்டமில்லை. அங்குலத்துக்கு 80 இழை வீதம் 48 அங்குல அகலத்துக்கு, நீளவாட்டில் ஓடும் பாவில் 3,840 இழைகள். ஒவ்வொன்றும் ஐந்தரை மீட்டர். அதுவே 21 கிலோமீட்டர். குறுக்கே அங்குலத்துக்கு 70 ஊடை போட்டால் இன்னொரு 18 கிலோமீட்டர். இத்தனையும் சேர்ந்து எடை முந்நூறு கிராமை ஒட்டித்தான் இருக்கும்.

அப்படியொரு சேலை பிறக்கிற இடம் ஆண்டிபட்டிப் பக்கம். மதுரையிலிருந்து உசிலம்பட்டி வழியாக வந்து கணவாயைக் கடந்ததும் வருகிற ஊர் அது. அதை ஒட்டியுள்ள சக்கம்பட்டியும் டி.சுப்புலாபுரமும் தறி ஊர்கள். தேனி மாவட்டம் என்றதும் வெளியூர்க்காரர்களுக்குத் திராட்சையும் ஏலக்காயும்தான் நினைவுக்கு வரும். அவை இரண்டும் மேற்கே, தண்ணீர் பாயும் பக்கத்துச் செல்வம். முல்லைப் பெரியாறு பாய்கிற கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோகம் விளைகிறது. ஆண்டிபட்டி வானம் பார்த்த பூமி. வயல் ஏமாற்றுகிற ஊரில் தறிதான் ஆண்டு முழுக்கச் சோறு போட வேண்டியிருந்தது.

பஞ்சு இந்த மாவட்டத்தில் இல்லாமல் இல்லை. வருசநாட்டு மலையடிவாரத்தில் இலவ மரங்கள் நிறைய; போடியில் இலவம்பஞ்சு மெத்தை, தலையணை வியாபாரம் பெயர் பெற்றது. ஆனால் இலவம்பஞ்சு வழவழப்பானது, எளிதில் ஒடிந்துவிடும். முறுக்கினால் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளாது, அதனால் நூலாகாது. மாவட்டத்தின் பெயர்பெற்ற பஞ்சு தலைக்கு அடியில் போனது. உடம்புக்கு மேலே போக வேண்டிய பஞ்சு வெளியிலிருந்து வர வேண்டும். தமிழக நூற்பாலைகளுக்கு வரும் பஞ்சில் பெரும்பகுதி குஜராத், மகாராஷ்டிரம், தெலங்கானா லாரிகளில் வருவதுதான்.

ஆலையிலிருந்து கைத்தறிக்காரரிடம் நூல் சிட்டமாக வருகிறது. ஒரு சிட்டம் என்பது 840 கஜம். ஒரு பவுண்டு எடையில் எத்தனை சிட்டம் அடங்குகிறதோ அதுவே நூலின் நம்பர். நம்பர் கூடக் கூட நூல் மெலியும். சிட்ட நூல் கைத்தறிக்கு உயிர்மூச்சு என்பதால், ஆலைகள் தாங்கள் விற்கும் நூலில் ஒரு பங்கைச் சிட்டமாகத்தான் கட்ட வேண்டும் என்று மத்திய அரசு விதி வைத்திருக்கிறது. 40 சதவீதமாக இருந்த அந்தப் பங்கு 2019-இல் 30 சதவீதமாகக் குறைந்தது. கைத்தறி சுருங்கியதற்கு ஏற்ப விதியும் சுருங்கியது என்று ஆலைக்காரர் சொல்வார்; விதி சுருங்கினால் கைத்தறி இன்னும் சுருங்கும் என்று நெசவாளி சொல்வார். இருவர் சொல்வதும் சரிதான்.

சிட்டம் வீட்டுக்குள் வந்ததும் பெண்கள் கைக்குப் போகிறது. சாயம் தோய்த்துக் காய்ந்த சிட்டத்தை உதறிப் பிரித்து ராட்டையில் போட்டுச் சுற்ற வேண்டும். பாவுக்கு ஒரு சுற்று, ஊடைக்குத் தார் சுற்றுவது தனி. தார் என்பது, ஊடையைக் குறுக்கே கொண்டுபோகும் நாடாவுக்குள் செருகுகிற சின்னக் குழல். தறி ஓடுகிற நேரமெல்லாம் அது காலியாகிக்கொண்டே இருக்கும். அடுப்பில் குழம்பு கொதிக்கும்போதும், பிள்ளை பள்ளிக்கூடம் போன பிறகும், ஒரு கை ராட்டையில் இருக்கும். இந்த வேலைக்குத் தனிக்கூலி என்று பெரும்பாலான வீடுகளில் கிடையாது. சேலைக்கு இவ்வளவு என்று பேசுகிற கூலிக்குள் அதுவும் அடக்கம். 2019-20-இல் எடுத்த நான்காவது அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பு, நாட்டில் நெசவிலும் அதன் உபவேலைகளிலும் சுமார் 35 லட்சம் பேர் இருப்பதாகச் சொன்னது. அதில் பத்தில் ஏழு பேருக்கு மேல் பெண்கள். கூலி நோட்டில் மட்டும் ஒரு தறிக்கு ஒரு பெயர்.

பாவு தெருவுக்கு வருகிற நாள் வேறு மாதிரி. வெயில் ஏறுவதற்குள் முடிக்க வேண்டும் என்பதால் விடியும் முன்பே வேலை தொடங்கும். பல சேலைகளுக்கு ஆகும் நீளத்துக்குப் பாவைத் தெருவில் இழுத்து, இரண்டு பக்கமும் விறைப்பாகக் கட்டி, இழைகள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளாமல் நடுநடுவே மூங்கில் குச்சிகளைச் செருகுவார்கள். பிறகு அரிசிக் கஞ்சி. நூலில் கண்ணுக்குத் தெரியாத மயிரிழைகள் சிலிர்த்துக்கொண்டு நிற்கும். தறியில் இழைகள் கோத்த சீப்பு போன்ற அச்சு முன்னும் பின்னும் போகும்போது அவை உராய்ந்து இழை அறுந்துவிடும். கஞ்சி அவற்றைப் படிய வைக்கிறது. ஊடைக்கு இந்த அலைச்சல் இல்லை, குறுக்கே ஒரே ஒருமுறை போய்ப் படுத்துக்கொள்வதோடு சரி. கஞ்சி பூசியதும் இருபுறமும் ஆட்கள் நின்று நீளத் தூரிகையால் ஒரே திசையில் நீவிக்கொண்டே நடப்பார்கள். பாவைப் புரட்டிப்போட்டு மறுபடி நீவுவார்கள். விறைப்பு கூடிவிடாமல் இருக்கக் கொஞ்சம் எண்ணெய். கஞ்சி குறைந்தால் இழை அறும், கூடினால் இழைகள் ஒட்டிக்கொள்ளும். நடுவில் மழை பிடித்தால் அன்றைய வேலை வீண். ஐப்பசி, கார்த்திகை என்றால் நெசவாளி வீட்டில் கடன் ஏறுவதற்குக் காரணம் இதுதான்.

கடையில் புதுச்சேலையை விரலால் கசக்கிப் பார்த்து ‘நல்ல கெட்டித் துணி’ என்கிறோமே, அந்தக் கெட்டி பாதி கஞ்சியால் வந்தது. இரண்டு துவைப்பில் அது போய்விடும். துணி எப்படிப்பட்டது என்பது மூன்றாவது துவைப்புக்குப் பிறகுதான் தெரியும்.

கஞ்சி காய்ந்த பாவு குழித்தறிக்கு ஏறுகிறது. பழைய பாவின் கடைசியைத் தறியில் விட்டுவைத்திருப்பார்கள். புதுப்பாவின் ஒவ்வோர் இழையையும் அதோடு பிணைத்து முறுக்கினால், இழைகளைத் தூக்கி இறக்கும் விழுதிலும் அச்சிலும் புதிதாகக் கோக்க வேண்டியதில்லை. 3,840 இழைக்கு 3,840 பிணைப்பு. பிறகு நெசவாளி குழிக்குள் காலை விட்டு உட்காருகிறார். குழி எதற்கு என்றால் மிதிபலகைக்கு இடம் வேண்டும். அதோடு தரையின் ஈரக்காற்று நூலை அறாமல் காக்கும். மிதித்தால் பாவு இரண்டாகப் பிரியும். கயிற்றைச் சுண்டினால் நாடா பாயும். அச்சுப்பலகையை இழுத்து அடித்தால் ஊடை நெருங்கும். ஒரு சேலைக்கு இது சுமார் 15,000 தடவை. கயிற்றைச் சுண்டினால் நாடா தானே ஓடும் இந்த ஏற்பாட்டை 1733-இல் இங்கிலாந்தில் ஜான் கே கண்டுபிடித்தார். தமிழ்நாட்டு நெசவாளரிடம் அதைக் கொண்டுசேர்க்க 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆல்ஃபிரட் சாட்டர்டன் என்ற ஆங்கிலேயர் சென்னையிலும் சேலத்திலும் படாத பாடு பட்டார். அதற்கு முன் ஒரு கையால் வீசி மறுகையால் பிடித்துத்தான் நெய்தார்கள்.

இன்று டி.சுப்புலாபுரத்துக்குள் நடந்தால் காதில் விழுவது பெரும்பாலும் விசைத்தறியின் சடசடப்புதான். 1985-ஆம் ஆண்டுச் சட்டம் 22 ரகங்களைக் கைத்தறிக்கு ஒதுக்கியது. பின்னர் அது 11 ஆனது. கூடுதல் இழையில் கரையும் பூவும் போட்ட பருத்தி, பட்டுச் சேலைகள் அந்தப் பட்டியலில் உண்டு. சாதாரணக் கட்டம், கோடு போட்ட சேலையை விசைத்தறி நெய்யத் தடையில்லை. கூலிக்காரப் பெண்கள் வாங்குவது அந்தச் சேலையைத்தான். விசைத்தறிக்காரரும் செழித்துக் கிடக்கிறார் என்று நினைத்துவிட வேண்டாம். அவருக்கும் மீட்டர் கணக்கில் கூலிதான். ஒப்பந்தம் முடிந்து கூலி உயர்வு பேச்சு இழுத்தடித்தால் இந்த ஊர்களில் வேலைநிறுத்தம் வரும், சத்தம் அடங்கும்.

கைத்தறி குறைந்ததற்கு விசைத்தறியின் வேகத்தையே எல்லோரும் காரணம் சொல்கிறார்கள். எனக்கு அதில் பாதிதான் சம்மதம். தறியில் உட்கார ஆள் இல்லாமல் போவதற்கு முன்பே, பாவுக்குக் கஞ்சி போட ஆள் இல்லாமல் போய்விட்டது. ஆறேழு பேர் ஒரே விடியலில் ஒரே தெருவில் கூட வேண்டிய வேலை அது. அந்த ஆறேழு பேரின் பிள்ளைகள் நூற்பாலை ஷிப்டிலோ திருப்பூர் பனியன் கம்பெனியிலோ இருக்கிறார்கள். தெருவும் பாவு போட விடுவதில்லை, ஓரமெல்லாம் பைக். விசைத்தறிக்கு மெஷினில் கஞ்சி போட்ட பாவு உருளையாக வந்து இறங்குகிறது. 2023-இல் தமிழக அரசு இலவச மின்சாரத்தை இரண்டு மாதத்துக்குக் கைத்தறிக்கு 300 யூனிட்டாகவும் விசைத்தறிக்கு 1,000 யூனிட்டாகவும் உயர்த்தியது. நல்லதுதான். ஆனால் கைத்தறிக்காரரின் தட்டுப்பாடு மின்சாரம் அல்ல, விடியற்காலையில் தூரிகை பிடிக்க ஒரு ஜோடிக் கை.

ஆண்டிபட்டிக்கும் சேலைக்கும் அரசியல் வழியாகவும் ஒரு தொடர்பு உண்டு. ஏழைகளுக்குப் பொங்கலுக்கு இலவச வேட்டி, சேலை கொடுக்கும் திட்டத்தை எம்.ஜி.ஆர். 1983-இல் தொடங்கினார், நெசவாளருக்கு ஆண்டு முழுக்க வேலை கிடைக்கட்டும் என்பது அதன் இன்னொரு நோக்கம். அடுத்த ஆண்டுத் தேர்தலில் அவர் ஜெயித்தது இதே ஆண்டிபட்டித் தொகுதியில், அமெரிக்க மருத்துவமனையில் படுத்தபடியே. அந்தச் சேலையின் நெசவும் காலப்போக்கில் பெரும்பங்கு விசைத்தறிக்குப் போய்விட்டது.

நெய்து மடித்த சேலை கட்டுக்கட்டாக வியாபாரி வீட்டுக்குப் போகிறது. அங்கிருந்து மதுரைக்கு, மற்ற ஊர்களுக்கு. 1928-இல் போட்ட மதுரை-போடி ரயில் பாதை, அகலப்பாதையாக்கவென்று 2010 கடைசியில் மூடப்பட்டது. தேனி வரை ரயில் திரும்ப 2022 ஆனது, போடி வரை 2023. இடைப்பட்ட காலத்தில் பஸ்ஸும் லாரியும்தான். மதுரைக் கடையில் விலைச்சீட்டு ஒட்டிக்கொண்டு, வந்த பாதையிலேயே திரும்பித் தேனிக்கும் கம்பத்துக்கும் வருகிற சேலைகளும் உண்டு. கணவாயை இரண்டுமுறை தாண்டியதில் விலை மட்டும் ஏறியிருக்கும்.

கம்பத்தில் அதை வாங்குகிற பெண் முதலில் கோவிலுக்குக் கட்டுவார், அப்புறம் விருந்துக்கு, நிறம் மங்கியதும் வேலைக்கு. விடியற்காலை ஜீப்பில் நெருக்கியடித்துக் குமுளி வழியாகவோ கம்பம்மெட்டு வழியாகவோ ஏலத்தோட்டத்துக்குப் போகும்போது சேலைக்கு மேல் ஆண்பிள்ளைச் சட்டை ஒன்று. கூடலூர், சுருளிப்பட்டித் திராட்சைத் தோட்டத்திலோ பந்தலுக்கு அடியில் நின்று கையைத் தூக்கியபடியே வேலை. வியர்வை கழுத்து வழி இறங்கும். பாலியஸ்டர் கட்டியவர் மத்தியானத்துக்குள் புலம்புவார். பருத்தி கட்டியவர் துவைத்து உலர்த்தவும் கஞ்சி போடவும் நேரமில்லையே என்று ராத்திரி புலம்புவார். இந்த இரண்டில் எது தேவலை என்ற கேள்வியில்தான் கடந்த நாற்பது வருஷமாக நெசவாளியின் பிழைப்பு ஊசலாடுகிறது.

நைந்த பிறகும் சேலை வீட்டை விட்டுப் போகாது. தொட்டில் கட்ட அதுதான் வேண்டும். மெத்தென்று தொங்கும், காற்றுப் போகும். அதுவும் கிழிந்தால் இட்லித் துணி, வடகம் காயப்போடும் துணி, கடைசியில் கைப்பிடித் துணி.

மயிலும் பன்றியும் வராமல் இருக்கத் தோட்டத்தைச் சுற்றிப் பழைய சேலை கட்டுவது இப்போது எங்கும் பெருகிவிட்டது. அதற்கென்றே பழஞ்சேலை வாங்கி விற்கிறார்கள். அந்த வேலைக்கு மட்டும் பருத்திச் சேலையை யாரும் கேட்பதில்லை. இரண்டு மழைக்கு இற்றுப்போகும், பாலியஸ்டர்தான் நிற்கும் என்கிறார்கள்.