பெயர் தெரியாத செடியா? போட்டோ போட்டால் ஆன்லைனில் சொல்லிடுவாங்க... ஆனா வாயில் வைக்கிறதுக்கு முன்னாடி இதைப் படிங்க!

மழை முடிந்ததும் கொசஸ்தலை ஆற்றங்கரையிலும் கரும்பு வயல் வரப்பிலும் என்னென்னவோ முளைத்துக் கிடக்கும். திருவள்ளூர் மாவட்டம் பள்ளிப்பட்டில் ஒரு செடியைக் காட்டி "இது என்ன?" என்று நாலு பேரிடம் கேட்டால், சிலர் தமிழில் ஒரு பெயர் சொல்வார்கள், சிலர் தெலுங்கில் வேறொன்று சொல்வார்கள். ஆந்திர எல்லையில் இருக்கும் ஊர் அப்படித்தான். நாம் ஆவாரை என்கிறோம், அவர்கள் தங்கேடு என்கிறார்கள். செடி ஒன்றுதான். தாவரவியலில் அதன் பெயர் சென்னா ஆரிகுலேட்டா.

ஆவாரை ஊருக்கே தெரிந்த செடி. யாருக்குமே தெரியாத செடி என்றால்? அதற்குத்தான் இப்போது ஆன்லைனில் ஒரு பெரிய கூட்டமே இருக்கிறது.

யார் இந்தக் கூட்டம்?

இந்தியச் செடிகளுக்கு என்றே 2007-ல் தொடங்கியது 'இஃப்ளோரா ஆஃப் இந்தியா' கூகுள் குழு. உறுப்பினர்கள் படம் போடுவார்கள், தாவரவியல் தெரிந்தவர்கள் பெயர் சொல்வார்கள்.

உலக அளவில் பெரியது 'ஐநேச்சுரலிஸ்ட்'. 2008-ல் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழக மாணவர்கள் தங்கள் படிப்புக்காகச் செய்த ப்ராஜெக்ட் இது. படத்தைப் போட்டதும் முதலில் கம்ப்யூட்டர் ஒரு பெயரைப் பரிந்துரைக்கும். பலரும் அதைப் பார்த்துவிட்டுக் கிளம்பிடுறாங்க. உண்மையான வேலையே அதற்குப் பிறகுதான். மற்ற உறுப்பினர்கள் படத்தைப் பார்த்து ஆமாம் என்றோ இல்லை என்றோ சொல்வார்கள். குறைந்தது இரண்டு பேர் பெயர் சொல்லி, அதில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஒத்துப்போனால்தான் அது 'ஆய்வுத் தரம்' பெறும். தேதியும் இடமும் கட்டாயம் இருக்க வேண்டும்.

2024-ல் அமெரிக்காவின் டெக்சாஸில் உள்ள பிக் பெண்ட் தேசியப் பூங்காவில் ஒரு தன்னார்வலர், பஞ்சு போர்த்திய மாதிரி இருந்த குட்டிச் செடியைப் படம் எடுத்து ஐநேச்சுரலிஸ்ட்டில் போட்டார். யாராலும் பெயர் சொல்ல முடியவில்லை. கடைசியில் பார்த்தால், அறிவியலுக்கே புதிய செடி! 2025-ல் 'ஓவிக்குலா பைரேடியேட்டா' என்று பெயரிட்டார்கள். இனம் மட்டுமல்ல, பேரினமே புதிது.

நம்ம ஊரில் என்ன சிக்கல்?

மஞ்சள் கரிசலாங்கண்ணியையே எடுத்துக்கொள்ளுங்கள். அதே போல மஞ்சள் பூ பூத்துத் தரையில் படரும் இன்னொரு செடி ரோட்டோரத் தோட்டங்களில் அழகுக்காக நடப்படுகிறது. பெயர் ஸ்பாக்னெட்டிகோலா ட்ரைலோபாட்டா. அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது, உலகின் மோசமான 100 ஆக்கிரமிப்பு இனங்கள் பட்டியலிலும் இருக்கிறது. இதைத்தான் பல வீடுகளில் மூலிகை என்று நம்பித் தொட்டியில் வளர்க்கிறார்கள். இலையைப் பாருங்கள். ட்ரைலோபாட்டா என்றாலே 'மூன்று மடல்' என்றுதான் அர்த்தம். அதன் இலை ஓரங்கள் மடல் மடலாகப் பிரிந்திருக்கும். நிஜ மஞ்சள் கரிசலாங்கண்ணியின் இலை அப்படிப் பிரியாமல் நீளமாக இருக்கும்.

இதாவது கீரைக் குழப்பம். விஷச் செடி என்றால் விளையாட்டில்லை. நம்ம மாநில மலர் செங்காந்தள், பார்க்க அவ்வளவு அழகு. ஆனால் அதன் கிழங்கில் கொல்ச்சிசின் என்ற நச்சு இருக்கிறது. உண்ணும் கிழங்கு என்று தவறாகச் சாப்பிட்டால் உயிரே போகலாம். வேலிக்கு நடும் காட்டாமணக்கின் விதையைக் கடலை மாதிரி இருக்கிறதே என்று பிள்ளைகள் தின்று, வாந்தி மயக்கத்தோடு ஆஸ்பத்திரிக்கு வரும் செய்தி எங்கள் டெஸ்க்குக்கே அடிக்கடி வரும்.

அதனால், ஆப் சொன்னது, ஆன்லைனில் பத்து பேர் சொன்னது என்று எதையும் சமைக்காதீங்க, கஷாயம் வைக்காதீங்க. படத்தை வைத்து வரும் பெயர் தெரிந்துகொள்ளத்தான், தின்பதற்கு இல்லை. யாராவது சாப்பிட்டுவிட்டால் பதில் வரட்டும் என்று காத்திருக்காமல் 108-க்கு போன் பண்ணுங்க. அந்தச் செடியின் கிளையையும் மீதி விதையையும் ஒரு கவரில் போட்டு மருத்துவரிடம் கொடுங்கள்.

போட்டோ எப்படி எடுக்கணும்?

தூரத்திலிருந்து ஒரே ஒரு படம் போட்டால் பெரும்பாலும் பதில் வராது. முழுச் செடி, இலையின் முன்பக்கம், பின்பக்கம், பூவை நேராகவும் பக்கவாட்டிலும், காய் இருந்தால் காய் என்று தனித்தனியாக எடுங்கள். பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்தால் அளவு புரியும். இலைகள் எதிரெதிராக இருக்கிறதா, மாறி மாறி இருக்கிறதா என்பதும் தெரிய வேண்டும். கீழாநெல்லி மாதிரி செடிக்கு இலைக்காம்பின் அடிப்பக்கம் ரொம்ப முக்கியம். பெயருக்கேற்ற மாதிரி காய் அங்கேதான் வரிசையாகத் தொங்கும். கிள்ளினால் பால் வருகிறதா, கசக்கினால் வாசனை உண்டா என்பது படத்தில் வராது, எழுதித்தான் சொல்லணும். கிள்ளினால் கையைக் கழுவிடுங்க, சில செடிகளின் பால் கண்ணில் பட்டால் ஆபத்து.

தொட்டிச் செடி, நட்ட செடி என்றால் அதையும் மறக்காமல் குறிப்பிடுங்கள். ஐநேச்சுரலிஸ்ட்டில் அதற்குத் தனி ஆப்ஷன் இருக்கிறது. தானாக முளைத்தவற்றுக்குத்தான் ஆய்வில் மதிப்பு. ஆய்வுத் தரம் பெற்ற பதிவுகள், முறையான உரிமம் இருந்தால், கோபன்ஹேகனைத் தலைமையிடமாகக் கொண்ட உலக உயிரினத் தகவல் தளமான ஜிபிஐஎஃப் வரை போகும்.

இடத்தைக் காட்டலாமா?

வீட்டு வாசலில் எடுத்த படம் என்றால் துல்லியமான இடத்தை மறைத்துவிடலாம். அழிவின் விளிம்பில் உள்ளதாகக் குறிக்கப்பட்ட இனங்களுக்கு ஐநேச்சுரலிஸ்ட்டே இடத்தைச் சுமார் 20 கிலோமீட்டர் கட்டத்துக்குள் கலைத்துக் காட்டும். பள்ளிப்பட்டுக்குப் பக்கத்து சித்தூர் மாவட்டம் செம்மரக் கடத்தலுக்குப் பேர்போனது. அந்தப் பக்கம் மரத்தைப் படம் எடுப்பவர்கள் இடத்தை மறைத்தே போடுவது நல்லது.

ஆன்லைனிலும் பதில் கிடைக்கவில்லையா? கோவையில், தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழக வளாகத்தில், இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தென்மண்டல மையம் இருக்கிறது. உலர்த்திய செடி மாதிரிகளைப் பாதுகாக்கும் 'மெட்ராஸ் ஹெர்பேரியம்' அங்கேதான். பெயரில் மெட்ராஸ், ஊர் கோவை. பூவோ காயோ உள்ள கிளையைப் பேப்பருக்கு நடுவில் வைத்து, கனமான புத்தகத்தால் அழுத்தி உலர்த்தி, எங்கே, எப்போது எடுத்தது என்று எழுதி வையுங்கள். படத்தில் தீராத சந்தேகத்துக்கு ஆய்வாளர்கள் கேட்பது அந்தக் காய்ந்த கிளையைத்தான்.