பரதேசி ஜெப ஆலயம், மட்டாஞ்சேரி

கொச்சி மட்டாஞ்சேரியில், யூதத் தெரு முடியும் இடத்தில் இருக்கிறது இந்த யூத வழிபாட்டு இல்லம். 1568இல் கட்டப்பட்டது. வழிபாட்டு இல்லமாகவே நீடித்துவரும் இந்திய ஜெப ஆலயங்களில் இதுவே மிகப் பழையது.  புதுச்சேரியில் ஜெப ஆலயம் எதுவும் இல்லை. பழைய ஜெப ஆலயம் ஒன்றைப் பார்க்க விரும்பும் புதுச்சேரிக்காரர் மலையைத் தாண்டி, தம் ஆட்சிப்பகுதியின் மாஹே இருக்கும் அதே மலபார்க் கரைக்குத்தான் போகவேண்டும்.

அந்தக் கரையில் யூதர் வாழ்வு இக்கட்டடத்தைவிட மிகப் பழையது. தஞ்சையில் முதலாம் இராசராசன் ஆண்ட காலத்தில், கி.பி. 1000 அளவில், சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன் யோசேப்பு ரப்பான் என்ற யூத வணிகத் தலைவருக்கு எழுபத்திரண்டு உரிமைகளை வழங்கிச் செப்பேடு பொறித்துக் கொடுத்தான். பல்லக்கு, குடை, பகல் விளக்கு, முரசு எல்லாம் அவற்றில் அடக்கம். வரியிலிருந்து விலக்கும் உண்டு. வட்டெழுத்தில் அமைந்த அந்தச் செப்பேடுகள் வழிவழியாக மட்டாஞ்சேரி ஆலயத்தில்தான் பாதுகாக்கப்பட்டுவந்தன. 2017இல் இஸ்ரேல் சென்ற இந்தியப் பிரதமர் அந்நாட்டுப் பிரதமருக்கு அளித்த பரிசுகளில் அவற்றின் நகல்களும் இருந்தன.

ஆலயத்தைக் கட்டியவர்கள் பின்னால் வந்தவர்கள். 1492இல் ஸ்பெயினும், சில ஆண்டுகளில் போர்ச்சுக்கல்லும் யூதர்களை விரட்டின. அவர்களில் சிலரும், பிறகு சிரியாவின் அலெப்போ போன்ற நகரங்களிலிருந்து வந்தவர்களும் கொச்சியில் குடியேறினார்கள். ஏற்கெனவே அங்கிருந்த மலபார் யூதர்களிடமிருந்து பிரித்துக் காட்ட இவர்களைப் பரதேசி யூதர்கள் என்றார்கள். கொச்சி அரசர் தம் அரண்மனைக்கும் அரண்மனைக் கோயிலுக்கும் அருகிலேயே இடம் கொடுத்தார். ஸ்பெயின் அரசு வெளியேற்றிய மக்களுக்கு ஓர் இந்து அரசர் தம் மதிலோரத்தில் இடம் தந்தார் என்பது இந்த வரலாற்றின் மிகச் சிறந்த பகுதி. அப்போது கொச்சியில் ஆதிக்கம் செலுத்திய போர்த்துக்கீசியர் அதைப் பொறுக்கவில்லை. 1662இல் டச்சுக்காரர்களின் முற்றுகை தோற்றதும், அவர்களுக்கு உதவியதாகச் சொல்லி யூதத் தெருவைச் சூறையாடினார்கள், ஆலயமும் சேதமடைந்தது. மறு ஆண்டே டச்சுக்காரர்கள் கொச்சியைப் பிடித்ததால் ஆலயமும் மீண்டும் எழுந்தது.

இன்று பார்ப்பவர் கண்ணில் படும் அழகில் பாதி 18ஆம் நூற்றாண்டின் எசக்கியேல் ரஹபியால் வந்தது. அலெப்போவிலிருந்து வந்த குடும்பத்தவரான இவர் டச்சுக் கிழக்கிந்திய கம்பெனியின் முதன்மை வணிகர். 1760இல் மணிக்கூண்டைக் கட்டினார். அதன் முகப்புகளில் எபிரேய, மலையாள, ரோமானிய எண்கள் தனித்தனியே உள்ளன. சீனத்தின் கான்டன் நகரிலிருந்து அவர் வரவழைத்த, கையால் நீலம் தீட்டிய பீங்கான் ஓடுகள்தாம் தரை முழுக்க. கோயிலுக்குள் போவதுபோலச் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் அதில் கால் வைக்கவேண்டும். பிற நாட்டு ஜெப ஆலயங்களில் பெரும்பாலும் காணாத வழக்கம் இது. வேதம் வாசிக்க நடுவில் ஒரு மேடையும், மாடத்தில் பெண்கள் பகுதிக்கு முன்னால் இன்னொரு மேடையும் இருப்பது கேரள ஜெப ஆலயங்களுக்கே உரிய அமைப்பு.

அந்த அழகிய தரையில் எல்லா யூதரும் சமமாக அமர முடியவில்லை என்பதையும் சொல்லவேண்டும். விடுவிக்கப்பட்ட அடிமைகளின் வழிவந்தவர்கள் ஆலயத்துக்குள் இருக்கையில் அமரவோ வேதம் வாசிக்கவோ நெடுங்காலம் அனுமதிக்கப்படவில்லை. அவர்களில் ஒருவர், சென்னையில் சட்டம் படித்த ஆபிரகாம் பராக் சேலம் (1882-1967). காந்தியின் வழியில் அவர் அங்கேயே சத்தியாகிரகம் செய்தார். தடைகள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. சூழ்ந்திருந்த சாதி வழக்கத்தை ஒரு சிறு சமூகம் எவ்வளவு எளிதாக உள்வாங்கிவிடும் என்பதற்கு அந்தத் தடைகள் வலி தரும் சான்று.

1948இல் இஸ்ரேல் உருவானபின் கொச்சி யூதர்களில் பெரும்பாலோர் அங்கே போய்விட்டார்கள். 1968இல் ஆலயத்தின் நானூறாவது ஆண்டு விழாவுக்குப் பிரதமர் இந்திரா காந்தி வந்தார், அஞ்சல்தலையும் வெளியானது. ஆனால் முழு வழிபாட்டுக்கு வயது வந்த ஆண்கள் பத்துப் பேர் வேண்டும். வழிபாடு நாளடைவில் விருந்தாளிகளை நம்பியே நடக்கவேண்டியதாயிற்று. 1990களின் இறுதியில் உலக நினைவுச்சின்ன நிதியம் மணிக்கூண்டைப் புதுப்பிக்கும் பணியை மேற்கொண்டது.

மலபார் யூதர்களின் ஆலயங்களுக்கு அந்தக் கவனிப்பு சமமாகக் கிடைக்கவில்லை. பரதேசி ஆலயத்துக்குச் சற்றுத் தொலைவில், 16ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த கடவும்பாகம் ஜெப ஆலயம் கைவிடப்பட்டுக் கிடந்து 2019 செப்டம்பர் மழையில் இடிந்தது. 2014 நவம்பரில் கடற்கரைச் சாலையில் நகர மண்டபமான மேரி கட்டடம் சரிந்ததைக் கண்ட புதுச்சேரி மக்களுக்கு இந்த இழப்பு புரியும். மேரி 2021இல் மறுபடி திறக்கப்பட்டது. கடவும்பாகத்தின் மரவேலைகள் முன்பே ஜெருசலேமின் இஸ்ரேல் அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டன.

ஆகவே மட்டாஞ்சேரியோடு திரும்பிவிடாமல் வடக்கே செல்வது நல்லது. சேந்தமங்கலத்தில் 2006இல் சீரமைக்கப்பட்ட ஜெப ஆலயமும், அதன் வாசலில் 1269ஆம் ஆண்டுக் கல்லறைக் கல்லும் உள்ளன. இந்தியாவில் கிடைத்த மிகப் பழைய எபிரேயக் கல்வெட்டுகளில் ஒன்று அது. பக்கத்திலுள்ள வடக்கன் பரவூர் ஆலயம் முசிறி மரபுத் திட்டத்தில் புதுப்பிக்கப்பட்டு அருங்காட்சியகமாகியிருக்கிறது. மட்டாஞ்சேரிக்குச் சனிக்கிழமை போகக்கூடாது. அது ஓய்வு நாள், பார்வையாளருக்குக் கதவு திறக்காது.