பிள்ளைகளைக் கப்பலேற்றிய காலம்

துபாயில் வேலை பார்க்கும் என் மகன் மூன்று பள்ளிகளின் விவரங்களை அனுப்பி, "பாப்பாவை எதில் சேர்க்கலாம்னு நீயே சொல்லும்மா" என்றான். ஒன்று சிபிஎஸ்இ, ஒன்று பிரிட்டிஷ் பாடத்திட்டம், இன்னொன்று ஐபி. மதுரையில் வரலாற்று ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். கட்டணக் கணக்கும் பள்ளி வண்டியும் அவனுக்குத்தான் தெரியும். எனக்குத் தெரிந்தது ஒன்று உண்டு: அயல்நாட்டுக்கு வேலைக்குப் போன பெற்றோர் இதே கேள்வியோடு எங்கள் பக்கத்து மலையில் தலைமுறை தலைமுறையாக அல்லாடியிருக்கிறார்கள். அவர்கள் கதையைத்தான் அவனுக்குச் சொன்னேன்.

அமெரிக்க மிஷனரிகள் மதுரைக்கு வந்தது 1834-இல். காலராவும் சீதபேதியும் பெரியவர்கள், குழந்தைகள் என்று பார்க்காமல் கொண்டுபோயின. முதலில் சிறுமலையில் ஏறிப் பார்த்தார்கள். அங்கே காய்ச்சல் விடவில்லை. பளியரும் குன்னுவரும் வாழ்ந்துவந்த பழனி மலைக்குப் போய், 1845-இல் சன்னிசைடு, ஷெல்டன் என்று இரண்டு பங்களாக்களைக் கட்டினார்கள். கொடைக்கானல் என்ற கோடைவாசத்தலம் அப்படிப் பிறந்தது. மோட்டார் சாலை வருவதற்கு முன்பு பெரியகுளம் பக்கத்து அடிவாரத்திலிருந்து குதிரையிலோ, ஆட்கள் தோளில் சுமந்த நாற்காலியிலோதான் ஏற வேண்டும். சுமந்தவர்களின் பிள்ளைகள் எங்கே படித்தார்கள் என்ற பேச்சு என் கண்ணில் எங்கும் பட்டதில்லை. அதையும் சொல்லிவிட்டுத்தான் மேலே போக மனம் வருகிறது.

மலையில் உயிர் தப்பியது. படிப்புக்கு வழியில்லை. பிள்ளை கொஞ்சம் வளர்ந்ததும் அமெரிக்காவுக்குக் கப்பலேற்றி, உறவினர் வீட்டிலோ விடுதியிலோ விட்டுவிடுவதே வழக்கமாக இருந்தது. அடுத்து முகம் பார்க்க வருடக்கணக்காகும். வேலூர் மருத்துவக் கல்லூரிக்கு வித்திட்ட ஐடா ஸ்கடர் 1870-இல் ராணிப்பேட்டையில் பிறந்தவர். குடும்பம் அமெரிக்கா திரும்பிய பிறகு, அப்பா மறுபடி இந்தியாவுக்கு வந்தார். பிறகு அம்மாவும் கிளம்பிவிட்டார். சிறுமி ஐடா சிகாகோவில் உறவினர் வீட்டில் விடப்பட்டார். இளமையில் மிஷனரி வாழ்க்கையே வேண்டாம் என்று அவர் சொல்லிக்கொண்டிருந்ததில் எனக்கு வியப்பே இல்லை.

இந்தப் பிரிவுக்கு ஒரு மாற்று 1901-இல் வந்தது. இந்தியாவில் ஒய்எம்சிஏ பணியில் இருந்த ஷெர்வுட் எடியின் தாய் மார்கரெட் எடி, கொடைக்கானலில் ஹைகிளர்க் என்ற பழைய ஹோட்டல் கட்டடத்தில் ஒரு பள்ளியைத் தொடங்கினார். பாடம் அமெரிக்கப் பாடம். அமெரிக்கா திரும்பும் பிள்ளை அங்குள்ள வகுப்பில் தடுமாறாமல் உட்கார வேண்டும் என்பதே நோக்கம். ஆனால் விடுமுறையை மட்டும் அமெரிக்காவைப் பார்த்து வகுக்கவில்லை. சமவெளியில் வெயில் தணிந்திருக்கும் ஆண்டுக் கடைசியில் நீண்ட விடுமுறை. பிள்ளைகள் மதுரைக்கும் ஆற்காட்டுப் பக்கத்துக்கும் இறங்கிப் போவார்கள். கோடையில் தாய்மார்கள் மலையேறி வருவார்கள். அப்போது பிள்ளைகள் விடுதியை விட்டு அம்மாவோடு தங்கிக்கொண்டே பள்ளிக்குப் போவார்கள். ஒரு பள்ளி குடும்பத்துக்காக இதைவிட நன்றாக யோசித்திருக்க முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

ஜெனீவாவில் இதே கேள்வி வேறு மாதிரி எழுந்தது. சர்வதேச சங்கத்திலும் உலகத் தொழிலாளர் அமைப்பிலும் வேலைக்கு வந்த பல நாட்டு அதிகாரிகள் சேர்ந்து 1924-இல் 'எக்கோல் இன்டர்நாசியோனால்' பள்ளியைத் தொடங்கினார்கள். அங்கே பிரெஞ்சும் ஆங்கிலமும் சேர்ந்தே நடந்தன. கமலா நேருவின் சிகிச்சைக்காக 1926-இல் குடும்பத்தோடு ஜெனீவா போன ஜவாஹர்லால் நேரு, மகள் இந்திராவைச் சேர்த்தது இந்தப் பள்ளியில்தான்.

அங்கே சிக்கல் கடைசி வகுப்பில் வந்தது. பிரிட்டனுக்குப் போகிறவனுக்கு ஒரு தேர்வு, பிரான்சுக்கு இன்னொன்று, சுவிட்சர்லாந்துக்கு வேறொன்று, அமெரிக்காவுக்கு மற்றொன்று. ஒரே வகுப்பை நாலாகப் பிரித்துத் தயார் செய்ய வேண்டியிருந்தது. எல்லா நாட்டுப் பல்கலைக்கழகங்களும் ஏற்கும் ஒரே சான்றிதழ் வேண்டும் என்று ஆசிரியர்கள் முனைந்ததில் பிறந்ததுதான் ஐபி. 1968-இல் ஜெனீவாவில் நிறுவப்பட்டது. கொடைக்கானல் பள்ளியும் 1970-களில் இன்டர்நேஷனல் ஸ்கூல் என்று பெயர் மாறி, 1976-இல் இந்தியாவிலேயே முதலாவதாக ஐபியைக் கொண்டுவந்தது. மதுரை வெயிலில் தொடங்கிய கவலையும் ஜெனீவா அலுவலகங்களில் தொடங்கிய கவலையும் ஒரே பாடத்திட்டத்தில் வந்து சேர்ந்தன.

இதையெல்லாம் சொன்ன பிறகு மகனிடம் ஒன்றுதான் கேட்டேன்: "பாப்பா பன்னிரண்டாவது முடிக்கும்போது நீங்க எங்கே இருப்பீங்க?" மதுரைக்குத் திரும்பிவிடுவோம் என்றான். அப்படியென்றால் சிபிஎஸ்இ போதும் என்று சொல்லிவிட்டேன். நீட் தேர்வுக்கு என்சிஇஆர்டி புத்தகம்தான் அடிப்படை. கல்வியாண்டு அங்கும் ஏப்ரலில் தொடங்குவதால் நடுவில் ஊர் திரும்பினாலும் வகுப்பு தட்டாது. பிரிட்டிஷ் பள்ளிகளில் அது செப்டம்பர். ஐபி மே மாதத் தேர்வின் முடிவு ஜூலையில்தான் வரும். அதற்குள் இங்கே சேர்க்கை வேலைகள் பாதி ஓடியிருக்கும். துபாயிலிருந்து சிங்கப்பூர், அங்கிருந்து லண்டன் என்று மாற்றலாகிக்கொண்டே இருக்கும் குடும்பமாக இருந்தால் ஐபி என்றே சொல்லியிருப்பேன்.

வெளிநாட்டில் பிள்ளைக்குப் பள்ளி தேடும் பெற்றோரே, நீச்சல்குளத்தைச் சுற்றிக் காட்டும்போது நின்று இரண்டு கேள்வி கேளுங்கள்: போன ஆண்டு கடைசி வகுப்பு முடித்த பிள்ளைகள் எந்தெந்த நாட்டில், எந்தக் கல்லூரியில் சேர்ந்தார்கள்? இங்கே தமிழ் சொல்லித்தர ஆள் உண்டா? ஆள் இல்லையென்றால், சேர்த்த அன்றே வீட்டில் நீங்கள் அரிச்சுவடியை எடுத்து உட்காருங்கள்.