மட்டம்

சேலம் சந்திப்பின் மஞ்சள் பலகை ஊரின் உயரத்தைக் கடல் மட்டத்திலிருந்து சொல்கிறது. எந்தக் கடல்? முதலில் 'மட்டம்' என்ற சொல்லைப் பார்ப்போம். 'மட்டு' என்றால் அளவு, எல்லை. 'மட்டுப்படுத்து' அதன் கிளை. கொத்தனாரின் ரசமட்டத்தில் 'மட்டம்' என்பது சமநிலை. ஆகவே கடல் மட்டம் என்பதை அலையடிக்கும் நீர்ப்பரப்பாக அல்ல, அளப்பதற்காக மனிதர் வகுத்த எல்லையாகவே கொள்ள வேண்டும். சான்று இருக்கிறது: இந்திய நில அளவைத் துறையின் 1909-ஆம் ஆண்டு உயர அடித்தளம் ஒரு கடலைச் சார்ந்ததல்ல. நாகப்பட்டினம், சென்னை, கொச்சி உள்ளிட்ட 9 துறைமுகங்களில் ஓதத்தை அளந்து பெற்ற சராசரிகளைச் சுழியாக வைத்து, அங்கிருந்து படிப்படியாக உள்நாட்டுக்கு மட்டம் பார்த்து வந்தார்கள்.

செயற்கைக்கோளே உயரம் சொல்லும்போது இந்தப் பழைய மட்டம் எதற்கு என்று கேட்கலாம். ஜிபிஎஸ் நேரடியாகத் தரும் உயரம் கடலிலிருந்து எடுத்ததல்ல. பூமிக்கு ஈடாகக் கணக்கில் வரைந்த, துருவங்களில் சற்றே தட்டையான ஓர் உருண்டையிலிருந்து எடுத்தது. இலங்கைக்குத் தெற்கே புவியீர்ப்பு குறைவு. அதனால் நம் பக்கத்துக் கடல் மட்டம் அந்த உருண்டைக்குக் கீழே தாழ்ந்து கிடக்கிறது. திருத்தாத கருவி மெரினாவில் நிற்பவரையே கடலுக்கு அடியில் காட்டும். நாமக்கல்லில் அது 80 மீட்டருக்கு மேல் குறைத்துச் சொல்லும். ஊர் நடுவே நிற்கும் கோட்டைப் பாறையின் உயரத்தைவிட அந்த வேறுபாடு அதிகம்.