சென்னைக்கு வந்து சேராத காசு

பிரிட்டனில் பழைய நாணயம் விற்கும் கடைகளில் ஒரு செப்புக் காசு இன்றும் எளிதாகக் கிடைக்கிறது. ஒரு பக்கம் இரண்டு சிங்கங்கள் தாங்கிய கேடயம், கிழக்கிந்தியக் கம்பெனியின் பெயர், 1808 என்ற ஆண்டு. மறுபக்கம் பாரசீக எழுத்து, அதற்குக் கீழே ரோமன் எண்ணில் பத்துக் காசு. அதைச் சான்றிதழோடு பெட்டியில் வைத்து, மூழ்கிய கப்பல் ஒன்றின் நினைவுப் பொருளாக விற்கிறார்கள்.

நினைவுக்காக அடித்த நாணயமல்ல அது. சென்னை ராஜதானியின் சந்தைகளில் உப்பும் மீனும் வெற்றிலையும் வாங்குவதற்காக அடித்த சில்லறை. நம் ஊர்க் கைகளில் தேய்ந்திருக்க வேண்டியது, 200 ஆண்டுகளுக்குப் பிறகும் புதுக்கருக்குக் கலையாமல் இருக்கிறதென்றால் காரணம் ஒன்றுதான். அதை யாரும் செலவழிக்கவே இல்லை.

பொன்னேரிப் பக்கத்தில் நின்று இந்தக் காசைப் பார்த்தால் அதன் கதை இன்னும் தெளிவாகத் தெரியும். அங்குள்ள பழவேற்காடு ஏரிக்கரை வெளிநாட்டுக் கம்பெனிகளின் நாணயங்களை வெகு காலமாக அறிந்த மண். டச்சுக் கம்பெனி 1613-இல் இங்கே கெல்ட்ரியா கோட்டையைக் கட்டியது. சோழமண்டலக் கரையில் அவர்களுடைய தலைமையிடமாகவும் நாணயச் சாலையாகவும் இந்த ஊர் இருந்தது. டச்சுக்காரர்கள் நாகசாகித் துறையிலிருந்து ஜப்பானியச் செம்பைக் கப்பலேற்றிச் சோழமண்டலத்துக்குக் கொண்டுவந்தார்கள். அந்தச் செம்பு நாணயமானது, பாத்திரமானது, துணிக்கு விலையானது. பழவேற்காட்டுத் துறையிலிருந்து கடல் கடந்த டச்சுத் தளமான பத்தாவியாவுக்கு மனிதர்களும் அடிமைகளாக அனுப்பப்பட்டார்கள். பஞ்ச காலத்தில் பிள்ளைகளோடு தம்மையே விற்றுக்கொண்டவர்கள் அவர்களில் உண்டு. பழவேற்காட்டு டச்சுக் கல்லறைகளின் அழகைப் பேசுகிறவர்கள் இதையும் சேர்த்தே பேச வேண்டும். கல்வெட்டில் பெயர் உள்ளவர்கள் மட்டுமே அந்தக் காலத்தில் வாழவில்லை.

1690-இல் டச்சுத் தலைமையிடம் நாகப்பட்டினத்துக்குப் போனது. 1781-இல் ஆங்கிலேயர் நாகப்பட்டினத்தைப் பிடித்தார்கள். பழவேற்காடு இரு தரப்புக்கும் இடையில் கைமாறி, 1795-இல் மறுபடி ஆங்கிலேயரிடம் வந்து, 1818 வரை அவர்களிடம் இருந்தது. பிறகு டச்சுக்காரர்களுக்குத் திரும்பி, 1825-இல் நிரந்தரமாக ஆங்கிலேயரின் கைக்குப் போயிற்று. ஆக, 1808-இல் அந்தக் காசு அச்சேறியபோது, ஏரிக்கரை மீனவக் குப்பங்களும் கம்பெனியின் சில்லறை புழங்க வேண்டிய எல்லைக்குள்தான் இருந்தன.

சென்னையின் கணக்கு அப்போது ரூபாயில் இல்லை. 80 காசு ஒரு பணம். சுமார் 42 பணம் ஒரு நட்சத்திர வராகன். அதாவது ஒரு வராகனுக்கு 3,360 காசு. தங்க வராகன் துபாஷிகளின் பெட்டியிலும் கம்பெனிக் கணக்கிலும் இருந்தது. கூடை மீனுக்கும் படி அரிசிக்கும் செம்புதான். தங்கம், வெள்ளி, செம்பு என்ற மூன்று உலோகங்களுக்கும் நடுவே உட்கார்ந்திருந்தவர் நாணயம் மாற்றித் தரும் சராப்பு. வெள்ளிக்கு இத்தனை செம்பு என்று அன்றன்று அவர் சொல்வதே விலை. மாற்றித் தர வட்டம் பிடித்துக்கொள்வார். செம்பின் விலை இறங்கினால் நட்டம் பெரிய வணிகருக்கு இல்லை. நாள் கூலியைச் செம்பில் வாங்கியவருக்குத்தான். போதாததற்கு, கையால் அடித்த பழைய காசுகள் ஒன்றுபோல் ஒன்று இருக்காது. எடை மாறும், வடிவம் மாறும், கள்ளக்காசு சுலபமாகக் கலந்துவிடும்.

இதற்குக் கம்பெனி கண்ட வழி பர்மிங்ஹாம். அங்கே மாத்யூ போல்டனின் சோஹோ பட்டறையில் நீராவியால் இயங்கும் அச்சு எந்திரங்கள் இருந்தன. அவை ஒரே அளவில், ஒரே எடையில், கள்ளத்தில் செய்யக் கடினமான நாணயங்களை விரைவாக அடித்துத் தள்ளின. சென்னைக்கென 1803-லேயே ஒரு காசு, ஐந்து காசு, பத்துக் காசு, இருபது காசு என்று அங்கே அடித்தார்கள். 1808-இல் பத்தும் இருபதும் மறுபடி வந்தன. பத்துக் காசு ஏறத்தாழ நாலரை கிராம். இருபது காசு அதைப்போல் இரு மடங்கு. பத்துக் காசின் பாரசீக வரி, பத்துக் காசு இரண்டு ஃபலூஸுக்குச் சமம் என்று மதிப்பைச் சொல்கிறது. வாங்கி விற்கப்போகிற மக்களின் தமிழோ தெலுங்கோ அதில் ஓரெழுத்தும் இல்லை. ஏறக்குறைய அதே ஆண்டுகளில் சென்னை நாணயச் சாலையில் அடித்த வெள்ளிப் பணங்களில் இரண்டு மொழிகளும் இருந்தன என்பதால் இந்தக் குறை இன்னும் உறுத்துகிறது. சந்தையில் நிற்கிறவரைப் பர்மிங்ஹாமில் அச்சு வெட்டியவர் பார்த்ததே இல்லை.

காசுகளை மரப்பீப்பாய்களில் அடுக்கி 'அட்மிரல் கார்ட்னர்' என்ற கப்பலில் ஏற்றினார்கள். தேம்ஸ் நதிக்கரையின் பிளாக்வாலில் 1797-இல் கட்டிய கப்பல் அது. ஐந்து முறை கிழக்கே போய்த் திரும்பியது. இது ஆறாவது பயணம். நங்கூரங்களும் இரும்பும் தவிர, செப்புக் காசு மட்டும் ஏறத்தாழ 48 டன். எல்லாமே பத்துக் காசாக இருந்தால் ஒரு கோடி நாணயம், எல்லாமே இருபதாக இருந்தால் அரைக் கோடி. இரண்டுக்கும் நடுவில் ஏதோ ஒரு தொகை.

1809 ஜனவரி பின்பாதியில், இங்கிலாந்தின் கென்ட் கரையை விட்டுப் போகும் முன்பே புயல் பிடித்துக்கொண்டது. நங்கூரம் மணலில் பிடிக்காமல் இழுபட்டது. கரைக்கு எதிரே கடலுக்குள் நீளும் குட்வின் மணல்திட்டில் கப்பல் மோதி உடைந்தது. அதே புயலில் கம்பெனியின் 'பிரிட்டானியா'வும் அந்தத் திட்டில் அழிந்தது. 'அட்மிரல் கார்ட்னர்' மாலுமிகளில் பெரும்பாலோர் உயிர் தப்பினார்கள். பழவேற்காட்டு முகத்துவாரத்தில் மணல் ஏறி இறங்குவதைப் பார்த்து வளர்ந்தவருக்கு அந்தத் திட்டைப் பற்றி விளக்கவே வேண்டாம். நேற்று ஆழமாக இருந்த இடம் இன்று படகைத் தட்டும்.

காசு வந்திருந்தாலும் அதன் கடைசிக் கல் தூரம் சுலபமாக இருந்திருக்காது. சென்னைக்கு அப்போது துறைமுகம் கிடையாது. கப்பல் அலைக்கு வெளியே நிற்கும். ஆணியில்லாமல் கயிற்றால் தைத்த மசூலா படகுகளை நம் கரை மக்கள் அலைமேல் செலுத்திப்போய் ஆளையும் சரக்கையும் இறக்குவார்கள். 48 டன் செம்பும் அவர்களுடைய துடுப்பு வலிவில்தான் கரையேறியிருக்கும்.

மணல் அந்தப் பீப்பாய்களை ஏறக்குறைய 175 ஆண்டுகள் மூடி வைத்திருந்தது. டோவர் துறைமுகப் பணிக்காகக் குட்வின் திட்டில் மணல் அள்ளியபோது அதோடு காசுகளும் வந்தன. 1980-களின் நடுவில் முக்குளிப்பவர்கள் கப்பலின் இடத்தைக் கண்டு பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட காசுகளை எடுத்தார்கள். கட்டியாக ஒட்டிப்போனவை உண்டு. பீப்பாயின் நடுவில் கடல்நீர் அதிகம் தொடாமல் தப்பியவை நேற்று அடித்ததுபோல் வந்தன. 1985-இல் அந்த இடத்துக்குச் சட்டப் பாதுகாப்பு கொடுத்து, அடுத்த ஆண்டே விலக்கி, 1990-இல் மறுபடி கொடுத்தது பிரிட்டிஷ் அரசு. அதற்குள் காசுகள் உலகம் முழுக்கச் சேகரிப்பாளர்களிடம் போய்விட்டன.

காசு கடலடியில் கிடந்த காலத்திலேயே அது சேர வேண்டிய கணக்கும் மறைந்துவிட்டது. 1818-இல் சென்னை ராஜதானி வராகனை விட்டு வெள்ளி ரூபாய்க்கு மாறியது. 1835-இல் கம்பெனியின் இந்தியா முழுவதற்கும் ஒரே நாணயம் வந்தது.

செம்புச் சில்லறையை ஆராய்கிறவர்கள் குறைவு. தங்க வராகனுக்குக் கிடைக்கும் கண்ணாடிப் பெட்டி அதற்குக் கிடைப்பதில்லை. ஆனால் மீன்காரியின் சுருக்குப்பைக்கும் சராப்பின் தராசுக்கும் நடுவே நடந்த வரலாறு செம்பில்தான் இருக்கிறது. அட்மிரல் கார்ட்னரின் காசுகள் அரியவையல்ல. லட்சக்கணக்கில் இருக்கின்றன, விலையும் அதிகமில்லை. அவற்றில் ஒரு கைப்பிடியை வாங்கி, டச்சுக்காரரின் செப்புக் காசுகளுக்குப் பக்கத்தில் பழவேற்காட்டிலேயே வைக்க வேண்டும் என்பது என் விருப்பம். ஏரிக்கரைப் பள்ளிப் பிள்ளைகள் அதைக் கையில் எடுத்துப் பார்க்கட்டும். பத்துக் காசு நாணயம் எட்டை எண்ணி வைத்தால் ஒரு பணம்.